ஒளியில்லாத பொழுதுக்கான இருப்பு

அறுவடை முடிந்த களத்தில் ஒருபுறம் நெல்லும் மறுபுறம் வைக்கோலுமாகப் பிரிந்து கிடப்பவை, வேதியியல் நோக்கில் பெரும்பகுதி ஒரே பொருளால் ஆனவை. நெல்மணிக்குள் இருக்கும் மாவுச்சத்தும் வைக்கோலுக்கு உறுதி தரும் செல்லுலோஸும் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து உருவான நெடுஞ்சங்கிலிகளே. ஒரு கண்ணி அடுத்த கண்ணியோடு எந்தப் பக்கமாகப் பிணைகிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. ஆல்ஃபா பிணைப்பு எனப்படும் முறையில் கோத்த சங்கிலி திருகிச் சுருள்வதால், உயிரணுவில் வேதிவினைகளை நடத்தும் புரதங்களாகிய நொதிகள் அதை எளிதில் நறுக்கிவிட முடிகிறது. பீட்டா பிணைப்பால் கோத்த செல்லுலோஸோ நேராக நீண்டு, பக்கத்துச் சங்கிலிகளோடு நெருங்கி இறுகிச் சுவராகிவிடுகிறது. அந்தச் சுவருக்குச் செலவிட்ட குளுக்கோஸை நெற்பயிர் மீண்டும் உணவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே, ஓர் உயிர் எவ்வளவு ஆற்றலைச் சர்க்கரையாகக் கட்டுகிறது என்பதைவிட, கட்டியதை எப்போது, எந்த இடத்தில், எந்த வேகத்தில் அவிழ்த்து எடுக்க வேண்டியிருக்கிறது என்பதே அதன் சேமிப்பின் வடிவத்தை முடிவு செய்கிறது. தாவரங்களும் பாசிகளும் சேமித்து வைக்கும் கார்போஹைட்ரேட்டுகள் பல பெயர்களும் பல வடிவங்களும் கொண்டு சிதறிக் கிடப்பவைபோலத் தோன்றினாலும், எடுப்பின் தேவையிலிருந்து நோக்கும்போது அவற்றுக்கிடையே ஓர் ஒழுங்கு புலப்படுகிறது.

ஒளிச்சேர்க்கையின் முதல் விளைபொருள் மாவுச்சத்து அன்று. இலையின் உயிரணுக்களிலுள்ள பசுங்கணிகம் என்னும் பச்சை நுண்ணுறுப்பில், ஒளியின் ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவானது மூன்று கரி அணுக்கள் கொண்ட ஒரு சிறிய சர்க்கரைப் பாஸ்பேட்டாக மாற்றப்படுகிறது. இதற்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, அது பசுங்கணிகத்தைவிட்டு வெளியேறி, குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இணைந்த சுக்ரோஸாக, அதாவது நாம் அன்றாடம் உண்ணும் சீனியாக மாறி, ஃபுளோயம் என்னும் உணவுக் குழாய்த் திசு வழியே வேருக்கும் தளிருக்கும் காய்க்கும் பயணப்படுவது. மற்றொன்று, பசுங்கணிகத்துக்குள்ளேயே தங்கி மாவுச்சத்தாகக் கோக்கப்படுவது. வெளியேறும் ஒவ்வொரு சர்க்கரைப் பாஸ்பேட்டுக்கும் ஈடாக ஒரு பாஸ்பேட் உள்ளே வந்தாக வேண்டும் என்பதால், வெளியே சுக்ரோஸ் தேங்கும்போது உள்ளே பாஸ்பேட் வரத்து குறைகிறது. அப்படிக் குறைவதே மாவுச்சத்தைக் கட்டும் முதன்மை நொதியை முடுக்கிவிடுகிறது. செடியின் பிற பாகங்கள் கேட்கும் அளவைவிட இலை கூடுதலாக உழைக்கும்போது, மிச்சம் தானாகவே இருப்பறைக்குத் திரும்புவதற்கு இந்தச் சிறு பண்டமாற்றே காரணம்.

மிச்சத்தைக் குளுக்கோஸாகவே வைத்துக்கொள்ளாததற்கு வலுவான காரணம் உண்டு. உயிரணுவின் சவ்வு வழியே நீர் ஊடுருவும் சவ்வூடு பரவல் என்ற நிகழ்வில், கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையே நீரை இழுக்கும் வலிமையைத் தீர்மானிக்கிறது. துகள் ஒவ்வொன்றின் பருமன் பொருட்டாவதில்லை. பத்தாயிரம் குளுக்கோஸ் மூலக்கூறுகள் தனித்தனியே கரைந்து நின்றால் அவை பத்தாயிரம் துகள்களுக்குரிய நீரை இழுத்து உயிரணுவை உப்ப வைக்கும். அவையே ஒரு சங்கிலியாகக் கோக்கப்பட்டால் ஒரு துகளாகிவிடும். அந்தச் சங்கிலிகள் கரையாத மணியாகத் திரண்டுவிட்டால் கணக்கிலேயே வாரா. இத்துடன், தனிக் குளுக்கோஸ் புரதங்களோடு எளிதில் ஒட்டிக்கொண்டு அவற்றைக் கெடுக்கக்கூடிய இயல்புடையது. கரையாமை, செறிவு, வேதி அமைதி ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த பொருளாக மாவுச்சத்து விளங்குகிறது. சேலம், நாமக்கல் பகுதிகளில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலைகளின் தொழில் முழுவதும் இந்தக் கரையாமையையே நம்பி நடக்கிறது: தோலுரித்துக் கழுவிய கிழங்கை நீர்விட்டு அரைத்துச் சலிக்கும்போது நாரும் சக்கையுமாகிய திப்பி மேலே தங்கிவிட, பால்போல் வழியும் நீர் தொட்டிகளில் தேங்கி நிற்க, நீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அடர்த்தியுள்ள மாவுமணிகள் அடியில் வெண்பாளமாகப் படிந்துவிடுகின்றன. கிழங்கிலிருந்த சர்க்கரை முழுவதும் கரைந்த நிலையில் இருந்திருந்தால் அந்தத் தொட்டியில் படிவதற்கு எதுவும் இருந்திருக்காது.

இலையில் தோன்றும் மாவுமணிகள் ஒளிச்சேர்க்கையின் விளைவே என்பதை 1860களின் முற்பகுதியில் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஜூலியஸ் சாக்ஸ் நிறுவினார். இலையின் ஒரு பகுதியை ஒளிபடாமல் மறைத்துவைத்துப் பின்னர் அதன் பச்சையத்தைச் சாராயத்தில் நீக்கி அயோடின் கரைசலில் தோய்த்தால், வெயில்பட்ட பகுதி கருநீலமாகவும் மறைத்த பகுதி வெளிறியும் தோன்றும் சோதனை, இன்றும் பள்ளி ஆய்வகங்களில் செய்யப்பட்டு வருகிறது. அந்த நீல நிறத்துக்குக் காரணம் மாவுச்சத்தின் வடிவமே ஆகும். மாவுச்சத்து இரு வகைச் சங்கிலிகளின் கலவை. அமைலோஸ் என்பது கிளைகள் அரிதான நெடுஞ்சங்கிலி. அது சுற்றுக்கு ஆறு குளுக்கோஸ் வீதம் சுருளாகத் திருகி நிற்பதால், அயோடின் அச்சுருளின் உள்ளே வரிசையாக அமர்ந்து நீலம் காட்டுகிறது. அமைலோபெக்டின் என்பது கிளைத்த பெருமூலக்கூறு. பெரும்பாலான மாவுகளில் எழுபது முதல் எண்பது விழுக்காடு இதுவே. சோறு உதிரியாக வருவதும் குழைந்து ஒட்டுவதும் இந்த இரண்டின் விகிதத்தைப் பொறுத்தவை. அமைலோஸ் கிட்டத்தட்ட இல்லாத அரிசியே ஒட்டும் அரிசி.

அமைலோபெக்டினின் கட்டமைப்பு சற்று நின்று பார்க்கத் தக்கது. விலங்குகளின் ஈரலிலும் நீலப்பசும்பாசிகளிலும் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்ற பொருளும் ஆல்ஃபா பிணைப்பால் ஆன, கிளைத்த குளுக்கோஸ் சங்கிலிதான். ஆனால் கிளைக்கோஜனில் கிளைகள் எல்லாத் திசையிலும் ஒரே சீராகப் பரவுவதால், துகள் வளர வளர விளிம்பில் நெரிசல் ஏற்பட்டு, ஏறத்தாழ 40 நானோமீட்டர் விட்டத்தை எட்டியதும் மேற்கொண்டு நொதிகள் நுழைய இடமில்லாமல் வளர்ச்சி நின்றுவிடுகிறது. அமைலோபெக்டினில் கிளைகள் கொத்துக் கொத்தாக ஓரிடத்தில் கூடி, அடுத்த கொத்து வரையில் கிளையற்ற தெளிவான இடைவெளி விடுகின்றன. அந்த இடைவெளியில் இரண்டிரண்டு சங்கிலிகள் முறுக்கிக்கொண்டு படிகமாக இறுகுகின்றன. படிக அடுக்கும் படிகமல்லாத அடுக்குமாக, ஏறத்தாழ 9 நானோமீட்டருக்கு ஒரு முறை திரும்பத் திரும்ப வரும் இந்த ஒழுங்குக்கு மேல்வரம்பு எதுவும் இல்லை. இதனால்தான் அரிசியின் மாவுமணி சில மைக்ரோமீட்டர் அளவிலும், உருளைக்கிழங்கின் மாவுமணி 100 மைக்ரோமீட்டர் வரையிலும் வளர முடிகிறது. ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. பெரிய மணியை நுண்ணோக்கியில் பார்த்தால், மரத்தின் வெட்டுமுகத்தில் தெரிவதைப்போல வளையங்கள் தெரிகின்றன.

இந்த ஒழுங்கு தானாக அமைவதில்லை. குளுக்கோஸைச் சங்கிலியில் சேர்க்கும் நொதியும் கிளை வைக்கும் நொதியும் மட்டுமல்லாமல், தவறான இடத்தில் முளைத்த கிளைகளைக் கழித்துவிடும் ஐசோஅமைலேஸ் என்ற நொதியும் சேர்ந்து உழைத்தால்தான் படிக மணி உருவாகிறது. தோட்டக்காரர் வேண்டாத கிளைகளைக் கவாத்து செய்வது போன்ற இந்தப் பணி நின்றுவிட்டால் என்ன நேரும் என்பதை இனிப்பு மக்காச்சோளத்தின் பழைய வகை ஒன்று காட்டுகிறது: அந்த நொதிக்குரிய மரபணு பழுதுபட்ட அச்செடியின் மணிகளில், மாவுமணிகளுக்குப் பதிலாகக் கிளைக்கோஜனை ஒத்த கரையும் பொருள் பெருமளவில் நிறைந்துவிடுகிறது. கிளை வைக்கும் நொதி பழுதாவதன் விளைவோ உயிரியல் வரலாற்றிலேயே இடம்பெற்றுவிட்டது. கிரிகோர் மெண்டல் 1866இல் வெளியிட்ட ஆய்வில் உருண்டையான பட்டாணி, சுருங்கிய பட்டாணி என்று பிரித்து எண்ணினாரே, அந்தச் சுருக்கத்தின் காரணம் 1990இல்தான் மூலக்கூறு அளவில் தெரியவந்தது. கிளை வைக்கும் நொதியின் மரபணுவுக்குள் ஏறத்தாழ 800 எழுத்துகள் நீளமுள்ள அன்னியத் துண்டு ஒன்று நுழைந்து அதைச் செயலற்றதாக்கியிருக்கிறது. மாவாக மாற முடியாத சுக்ரோஸ் விதையில் தேங்கி, சவ்வூடு பரவலால் மிகுதியான நீரை இழுத்து உப்பவைக்க, விதை காயும்போது அந்த நீர் வற்றித் தோல் சுருங்குகிறது. மரபியலின் முதல் சான்றாக நின்ற அந்தச் சுருக்கத்தை உண்டாக்கியது ஒரு சேமிப்புப் பிழையே என்பது, இத்துறையின் முக்கியத்துவம் எவ்வளவு காலம் கண்ணில் படாமல் இருந்தது என்பதையும் உணர்த்துகிறது.

சங்கிலியில் சேரும் குளுக்கோஸ் வெறுமனே வந்து ஒட்டிக்கொள்வதில்லை. நியூக்ளியோடைடு என்ற ஏந்தியின் மீது அமர்ந்து, ஆற்றலேற்றப்பட்ட நிலையில்தான் வருகிறது. இத்தகைய சர்க்கரை ஏந்திகளைக் கண்டறிந்ததற்காக அர்ஜென்டினாவின் லூயிஸ் லெலுவார் 1970இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். பச்சைத் தாவரங்கள் மாவுச்சத்துக்கு ஏடிபி-குளுக்கோஸ் என்ற ஏந்தியைக் கையாளுகின்றன. அதை உண்டாக்கும் நொதி, ஒளிச்சேர்க்கை மும்முரமாக நடப்பதைக் காட்டும் சேர்மத்தால் முடுக்கப்பட்டு, பாஸ்பேட்டால் தடுக்கப்படுகிறது. முன்னர்ச் சொன்ன பண்டமாற்றின் கண்காணிப்பாளர் இந்த நொதியே.

இலையின் மாவு நெடுநாள் இருப்பன்று. அது ஒரு பகலில் சேர்ந்து ஓர் இரவில் தீரும் அன்றாடப் படி. இதில் இரு வகைத் தவறுகளுக்கு இடமுண்டு: விடியும் முன்பே தீர்ந்துவிட்டால் செடி பட்டினி கிடக்கும், விடிந்தும் மிச்சமிருந்தால் வளர்ச்சிக்குச் செலவிட்டிருக்கக்கூடியது வீணே தங்கிவிடும். ஆய்வகங்களில் பெரிதும் பயன்படும் கடுகுக் குடும்பத்துச் சிறு செடியாகிய அராபிடாப்சிஸ், இரவு முழுவதும் சீரான வேகத்தில் மாவைக் கரைத்து, விடியும் வேளையில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைச் செலவிட்டிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரப் பகலுக்குப் பழகிய செடியின் விளக்கை நான்கு மணி நேரம் முன்கூட்டியே அணைத்து, ஆய்வாளர்கள் அதைச் சோதித்தபோது, செடி அந்த இரவிலேயே தன் வேகத்தைத் தாழ்த்திக்கொண்டு, குறைந்த இருப்பை நீண்ட இரவுக்குச் சரியாகப் பங்கிட்டது. இங்கிலாந்தின் நாரிச் நகரிலுள்ள ஜான் இன்ஸ் மையத்தின் ஆய்வாளர்கள், இதை ஒரு வகுத்தல் கணக்காக 2013இல் விளக்கினர்: எஞ்சியிருக்கும் மாவின் அளவை விடியலுக்கு எஞ்சியிருக்கும் நேரத்தால் வகுத்தால் கிடைப்பதே கரைப்பின் வேகம். விடியல் எப்போது என்பதைச் செடியின் உள்ளே ஓடும் நாட்கடிகாரம் சொல்கிறது. அந்தக் கடிகாரம் ஏறத்தாழ 17 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றும்படி மரபணு மாற்றமடைந்த செடிகள், உண்மையான விடியலுக்குச் சில மணி நேரம் முன்பே, தங்கள் கடிகாரம் தவறாகக் காட்டிய விடியலில், இருப்பைத் தீர்த்துவிட்டுத் தவிப்பது இந்த விளக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. நரம்பு மண்டலமோ மூளையோ இல்லாத ஓர் இலை இரவுதோறும் இவ்வளவு துல்லியமாகப் பங்கீடு செய்கிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் வியப்பு குறைவதில்லை.

எடுக்கும் வழியும் கட்டும் வழியைப்போலவே நுட்பமானது. படிகமாக இறுகிய மணியை நொதிகள் நேரடியாகத் தீண்ட முடியாததால், முதலில் ஒரு நொதி மணியின் மேற்பரப்பிலுள்ள சில குளுக்கோஸ்களில் பாஸ்பேட்டை ஒட்டி அந்த முறுக்கை நெகிழ்த்துகிறது. பிறகே பீட்டா-அமைலேஸ் என்ற நொதி, சங்கிலியின் நுனியிலிருந்து இரண்டிரண்டு குளுக்கோஸாக மால்டோஸ் என்னும் சர்க்கரையைக் கத்தரித்து வெளியே அனுப்புகிறது. முளைக்கும் தானியத்தில் வழி வேறு. அங்கே முளைக்கருவிலிருந்து வரும் ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஊக்கி, மணியின் உறைக்கு அடியிலுள்ள படலத்தைத் தூண்டி ஆல்ஃபா-அமைலேஸைச் சுரக்கச் செய்கிறது. அது சங்கிலியை நடுவிலேயே கண்டபடி வெட்டுகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி இறுகாமல் நீர்த்து நிற்பதும், குழந்தைக்கு அதிக மாவை அதே இளக்கத்தில் ஊட்ட முடிவதும் இந்த நொதி முன்பே வெட்டிவைத்ததால்தான். வாழைக்காயில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும் மாவு பழுக்கும்போது ஏறக்குறைய முழுவதும் சர்க்கரையாகிவிடுகிறது. வாழைக்காய்த் துண்டில் அயோடின் விட்டால் கறுக்கும், நன்கு கனிந்த பழத்தில் அந்தக் கறுப்பு பெரும்பாலும் தோன்றாது.

பாசிகளின் பக்கம் திரும்பினால், ஒரே தேவைக்கு எத்தனை விதமான விடைகள் உருவாகியிருக்கின்றன என்பது தெரிகிறது. பச்சைப்பாசிகள் தாவரங்களுக்கு மிக நெருங்கிய உறவினராதலால், அவையும் பசுங்கணிகத்துக்குள்ளேயே மாவுமணிகளை வைத்திருக்கின்றன. பல இனங்களில், கரியமில வாயுவைப் பிணைக்கும் நொதி திரண்டிருக்கும் பைரினாய்டு என்ற உருண்டையைச் சுற்றி மாவுத் தகடுகள் ஓடுபோல் கவிந்திருக்கின்றன. நைட்ரஜன் கிடைக்காதபோது புரதம் கட்ட முடியாத நிலையில், கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றையணுப் பாசி, ஒளிச்சேர்க்கையால் வரும் கரியை முதலில் மாவாகவும் பின்னர் எண்ணெயாகவும் குவிக்கிறது. பிரான்சின் தோ என்ற கடற்கழியில் 1994இல் கண்டறியப்பட்ட ஆஸ்ட்ரியோகாக்கஸ் என்ற பச்சைப்பாசி, ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் மட்டுமே அளவுள்ளது. அதற்கு ஒரே பசுங்கணிகம், அதற்குள் ஒரே மாவுமணி. உயிரணு இரண்டாகப் பிரியும்போது அந்த ஒற்றை மணியும் இரண்டாகப் பகிர்ந்து கொடுக்கப்படுகிறது.

சிவப்புப்பாசிகளின் இருப்பு ஃபுளோரிடியன் மாவு எனப்படுகிறது. அது பசுங்கணிகத்துக்கு வெளியே சைட்டோபிளாசத்தில் மணியாகத் திரள்வதும், பெரும்பாலான இனங்களில் அமைலோஸ் இல்லாமையால் அயோடினில் நீலத்துக்குப் பதிலாகச் செம்பழுப்பாகவோ ஊதாவாகவோ நிறம் காட்டுவதும் அதன் தனித்தன்மைகள். மன்னார் வளைகுடாக் கரையில் மண்டபம் பகுதிப் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப்பாசியும் சிவப்புப்பாசிகளே. அவற்றிலிருந்து எடுக்கும் அகார் என்னும் கூழ்ப்பொருளைப் பாசியின் சேமிப்பு உணவு என்று எழுதும் வழக்கம் சில நூல்களில் காணப்படுகிறது, அது பிழை. அகார், செல்லுலோஸைப்போலச் சுவர்ப் பொருள். பாசி இருட்டில் உண்ணுவது உயிரணுவுக்குள் உள்ள ஃபுளோரிடியன் மாவை. சுவரையும் களஞ்சியத்தையும் வேறுபடுத்திப் பார்க்கத் தவறினால் இத்துறையில் எதுவும் தெளிவாகாது.

பழுப்புப்பாசிகள் மாவுச்சத்து என்ற வழியையே கைவிட்டவை. மண்டபத்தின் கட்டக்கோரையும் குளிர்கடல்களின் மாபெரும் கெல்ப்களும் லாமினாரின் என்ற பொருளைச் சேமிக்கின்றன. இது பீட்டா பிணைப்பாலானது; ஆனால் செல்லுலோஸின் 1,4 நிலைக்குப் பதிலாக 1,3 நிலையில் இணைவதால், சங்கிலி நேராக நிற்காமல் வளைந்து சுருள்கிறது. பெரும்பாலும் இருபது முப்பது குளுக்கோஸ் மட்டுமே நீளமுள்ள இச்சங்கிலிகள் உயிரணுவின் நீர்ப்பையாகிய நுண்குமிழில் கரைந்த நிலையில் தங்குகின்றன. இதனுடன் மானிட்டால் என்ற சர்க்கரைச் சாராயமும் சேர்கிறது. உலர்ந்த கெல்ப் இலையின்மேல் படியும் இனிப்பான வெண்பொடி அதுவே. வடகடல்களில் ஒளி மிகுந்த கோடையில் நைட்ரேட் வற்றிவிடுகிறது, நைட்ரேட் நிறைந்த குளிர்காலத்தில் ஒளி இல்லை. ஆகவே கெல்ப் கோடையில் கரியைச் சேர்த்து இலையுதிர்காலத்தில் இருப்பின் உச்சத்தை எட்டி, குளிர்காலத்தில் அதைச் செலவிட்டுப் புதிய இலைப்பரப்பை வளர்க்கிறது. ஆர்க்டிக் கடலின் லாமினாரியா சாலிடங்குலா, பனித்தகட்டின் அடியில் பல மாத இருட்டிலேயே தன் ஆண்டு வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துவிடுகிறது. ஓர் இரவுக்குப் பங்கிடும் அராபிடாப்சிஸின் கணக்கு இங்கே ஒரு பருவம் முழுவதற்கும் விரிந்திருக்கிறது.

கண்ணாடி ஓடு போன்ற சிலிக்கா உறை கொண்ட டயாட்டம்களும் லாமினாரினை ஒத்த கிரைசோலாமினாரினை நுண்குமிழில் சேர்க்கின்றன. பகலில் ஏறி இரவில் இறங்கும் இந்த இருப்பு கண்ணுக்குத் தெரியாத உயிர்களுடையதாயினும், உலகளவில் அதன் எடை பெரிது. ஆர்க்டிக், அட்லாண்டிக், பசிபிக் கடல்நீர்களில் எடுத்த மாதிரிகளைக் கொண்டு 2020இல் வெளியான ஆய்வு, மேற்பரப்பு நீரில் துகள்களாக மிதக்கும் கரிமக் கரியில் சராசரியாக 26 விழுக்காடு லாமினாரின் என்று மதிப்பிட்டது. மாவுச்சத்தைப் பள்ளிக் குழந்தையும் அறியும். லாமினாரினின் பெயரைக்கூடப் பெரும்பாலோர் கேட்டிருப்பதில்லை. இந்த அறியாமை, நிலத்து உயிர்களை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு தாவரவியல் நீண்ட காலம் எழுதப்பட்டதன் விளைவு. குளத்து நீரைப் பச்சையாக்கும் யூக்ளினாவில் 1850இல் கோட்லீப் கண்டறிந்த பாராமைலானும் 1,3 பீட்டா வகையே. ஆனால் அது கிளையற்ற நெடுஞ்சங்கிலிகள் மும்முறுக்காகத் திரண்ட கரையாத படிகம்.

இந்தப் பன்மைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பசும்பாசி ஒன்றைத் தன்னுள் நிலையாக இருத்திக்கொண்ட முன்னோர் உயிரணுவிலிருந்தே பசுங்கணிகம் தோன்றியது. உள்ளே வந்ததும், இடம் கொடுத்ததும் ஆகிய இரண்டும் கிளைக்கோஜன் சேமித்தவை. அவற்றின் நொதிகள் கலந்து, கிளைகளைக் கழிக்கும் நொதியின் துணையோடு மணியாகத் திரளும் மாவு உருவானதாகக் கருதப்படுகிறது. சிவப்புப்பாசிகளில் அந்தப் பணி சைட்டோபிளாசத்திலேயே நின்றுவிட, பச்சை வழித்தோன்றல்களில் மட்டும் அது பசுங்கணிகத்துக்குள் இடம்பெயர்ந்தது. சிவப்புப்பாசியைத் தம்முள் கொண்ட முன்னோர்களிடமிருந்து வந்த டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, ஒளிச்சேர்க்கையை முற்றிலும் இழந்தும், ஓய்வு நிலையில் இன்றும் சிவப்புப்பாசியினதை ஒத்த மாவுமணிகளைச் சுமக்கிறது.

நிலத் தாவரங்களிலும் மாவே எங்கும் ஆள்வதாகக் கொள்ளலாகாது. 1804இல் வாலண்டைன் ரோஸ் ஒரு மூலிகைக் கிழங்கில் கண்டெடுத்த இனுலின், ஃபிரக்டோஸ் கோத்த ஃபிரக்டான் வகையைச் சேர்ந்தது. பூக்கும் தாவரங்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வழியைக் கொள்கின்றன. வெங்காயத்திலும் பூண்டிலும் மாவுமணி இல்லை. அவற்றின் இருப்பு நுண்குமிழில் கரைந்திருக்கும் ஃபிரக்டான். குளிரில் மாவை ஆளும் நொதிகள் மந்தப்படுகையில் ஃபிரக்டானை விரைந்து எடுக்க முடிவதும், அது வறட்சியிலும் உறைகுளிரிலும் சவ்வுகளைக் காப்பதும், கோதுமை, பார்லி போன்ற புற்கள் அதைத் தண்டில் சேர்ப்பதற்குக் காரணமாகின்றன. கரும்போ சுக்ரோஸையே தண்டின் நுண்குமிழ்களில் தேக்குகிறது. அடிக்கரும்பு இனிப்பதும் கொழுந்தாடையை அண்டிய நுனி சப்பென்றிருப்பதும் வயதின் வேறுபாடு: வளரும் நுனியில் இன்வர்டேஸ் என்ற நொதி சுக்ரோஸைப் பிளந்து வளர்ச்சிக்குச் செலவிடுகிறது, முதிர்ந்த அடிக்கணுக்களில் அது அடங்கிவிட இருப்பு ஏறுகிறது. வெட்டிய கரும்பில் அந்த நொதி மீண்டும் தலைதூக்குவதால்தான் வெட்டியவுடன் ஆலைக்குக் கொண்டுசெல்ல உழவர் விரைகின்றனர். 1912இல் கோயம்புத்தூரில் தொடங்கப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் வெங்கட்ராமனும், தடித்த இனிப்புக் கரும்பையும் சர்க்கரை குறைந்த, ஆனால் உரம் மிக்க காட்டுக் கரும்பையும் கலந்து 1918இல் வெளியிட்ட கோ 205, வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கிச் சர்க்கரை சேர்க்கும் கரும்பாக அமைந்தது.

இருப்பைச் சுவரிலேயே வைக்கும் விதைகளும் உண்டு. முதலில் சொன்ன சுவர்-களஞ்சிய வேறுபாட்டுக்கு இவை விலக்கு. ஊறிய வெந்தயம் வழவழப்பதற்கும் கொத்தவரை விதையின் பசைக்கும் காரணமான காலக்டோமன்னான், மேனோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலியில் காலக்டோஸ் கிளைகள் தொங்கும் சுவர்ப்பொருள். முளைக்கும்போது முதலில் நீரைப் பிடித்து முளையைக் காத்து, பின்னர் உணவாகக் கரைகிறது. நெசவில் பாவுக்குக் கஞ்சி போட உதவும் புளியங்கொட்டைப் பொடியில் இருப்பது சைலோகுளுக்கான். அதுவும் பருப்பின் தடித்த சுவரில் சேர்ந்த இருப்பே.

கிராமுக்கு இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் தரும் எண்ணெயை விட்டு மாவைச் சேர்ப்பது ஏன் என்ற கேள்விக்கும் எடுப்பின் நோக்கிலேயே விடை கிடைக்கிறது. சர்க்கரையை எண்ணெயாக்கும் வழியில் கரியின் ஒரு பகுதி கரியமில வாயுவாக இழக்கப்படுகிறது. காற்றில் பறக்கவும் தொலைவு செல்லவும் வேண்டிய விதைக்கு எடை குறைவதால் அந்த இழப்பு தகும். மண்ணுக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும் கிழங்குக்கு எடை சுமையன்று, ஆகவே அது மலிவான மாவையே நம்புகிறது.

பனையில் இந்த வடிவங்கள் பலவும் ஒரே உயிரில் அடுத்தடுத்து வருகின்றன. இளம் நுங்கின் வழுவழுப்பான சதை, விதையின் உணவுத் திசுவாகிய கருவூண். அதன் இளக்கம் காலக்டோமன்னானால் வருவது. காய் முற்ற முற்றக் காலக்டோஸ் கிளைகள் குறைந்து, சங்கிலிகள் நெருங்கி, கத்தி இறங்காத கடும் மன்னானாக அது இறுகுகிறது. கொட்டையைப் பாத்தியில் புதைத்தால், விதையிலை முனை உள்ளே பஞ்சுபோல் ஊதி வளர்ந்து, யாழ்ப்பாணத்தில் பூரான் என்று விரும்பி உண்ணப்படும் பாகமாகி, அந்தக் கல்லை நொதிகளால் உருக்கி உறிஞ்சுகிறது. உறிஞ்சியது சர்க்கரையாக முளையின் தண்டு வழியே கீழிறங்கி, மண்ணுக்குள் நீளும் பனங்கிழங்கில் மீண்டும் மாவுமணிகளாகத் திரள்கிறது. கிழங்கை அப்படியே உலர்த்தினால் ஒடியல், அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். தோண்டாமல் விட்டால், முதல் ஓலை வெயிலைக் காணும்வரை கன்றுக்கு அந்த மாவே உணவு. பனையின் உறவாகிய தாளிப்பனையோ முப்பது முதல் எண்பது ஆண்டுகள்வரை அடிமரத்துச் சோற்றில் மாவைச் சேர்த்துக்கொண்டே போய், வாழ்வில் ஒரே முறை, உச்சியில் மரமே மறையும்படி இலட்சக்கணக்கில் பூக்களைத் தள்ளுகிறது. காய்கள் முதிர்ந்து உதிரும் வேளையில் தண்டு வெறும் நாராகி மரம் பட்டுப்போகிறது.